கையில் சிஎச்டி7 ரிப்போர்ட் வந்துவிட்டதா? ஒரு பென்சிலோடு உட்காருங்கள்

உறையூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டிடிபி, லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. 2021 ஜூலையில் என் மகளின் மரபணு ரிப்போர்ட் பதினோரு பக்க பிடிஎஃப்பாக வந்தது. பல உறுப்புகளைச் சேர்த்துப் பாதிக்கும் சார்ஜ் சிண்ட்ரோம் என்ற பிறவி நோய்க்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கும் சிஎச்டி7 என்ற ஜீனைப் பற்றிய ரிப்போர்ட் அது. என் கடை மெஷினிலேயே பிரிண்ட் எடுத்தேன். தாள்கள் சூடாக வந்து விழுந்தன. முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் ‘பாசிட்டிவ்’ என்று இருந்தது. அதைத் தாண்டி ஒரு வரிகூட எனக்குப் புரியவில்லை.

பிறகு ஒரு மரபணு ஆலோசகர் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, பென்சிலால் கோடு போட்டு, அந்தப் பதினோரு பக்கத்தையும் படிக்கக் கற்றுக்கொடுத்தார். அந்த ஒன்றரை மணி நேரம் எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றியது. ரிப்போர்ட் வந்த அன்றைக்கே அது நடந்திருந்தால் நான்கு மாதச் சண்டை மிச்சமாகியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். டாக்டரிடம் போவதற்குப் பதிலாக இதைப் படிக்காதீர்கள். போவதற்கு முதல் நாள் இரவு, பிள்ளை தூங்கிய பிறகு படியுங்கள்.

பாப்பா பிறந்தது 2020 மார்ச் 28, ஊரடங்கு தொடங்கிய நான்காம் நாள். அழும்போது சிவப்பாக இருப்பாள், அழுகையை நிறுத்தினால் நீலம் பாரிப்பாள். பிறந்த குழந்தை மூக்கால்தான் மூச்சு விடும். அழும்போதுதான் வாய் திறக்கும். ஒரு நர்ஸ் மெல்லிய குழாயை மூக்கில் விட்டுப் பார்த்தார், இரண்டு பக்கமும் உள்ளே போகவில்லை. மூக்கின் பின்வாசல் இரண்டும் அடைத்திருந்தன. அப்புறம் எக்கோவில் இதயத்தில் மூடியிருக்க வேண்டிய ஒரு ரத்தக்குழாய் மூடவில்லை என்று தெரிந்தது. காது மடல் கிண்ணம் மாதிரி, கீழே தொங்கும் சதையே இல்லாமல் இருந்தது. காதுகுத்தின்போது ஆசாரி கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே குத்துவது என்று என்னைப் பார்த்தார். மூக்கு, இதயம், காது மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர் பிறகு வந்த ஒரு குழந்தை மருத்துவர். காதைப் பார்த்ததுமே ‘சார்ஜ் சிண்ட்ரோம்’ என்று எழுதி, எக்ஸோம் டெஸ்டுக்கு, அதாவது ஜீன்களில் புரதத்துக்கான பகுதிகளையெல்லாம் ஒன்றாகப் படிக்கும் சோதனைக்கு, ரத்தம் அனுப்பச் சொன்னார்.

முதலில் பெயரைச் சரி பாருங்கள்

ரிப்போர்ட்டில் ஜீன் பெயர் என்ற கட்டத்தைத் தேடி வட்டம் போடுங்கள். அதில் சிஎச்டி என்ற மூன்று எழுத்தும் 7 என்ற எண்ணும் இருக்க வேண்டும். இது அற்பமான வேலையாகத் தெரியும், ஆனால் இதில்தான் முதல் குழப்பம். நம் ஆஸ்பத்திரிகளில் கேஸ் ஷீட்டில் சிஎச்டி என்று எழுதினால் ‘பிறவி இதய நோய்’ என்று பொருள். என் மகளின் பழைய சீட்டுகளில் அந்தச் சிஎச்டியும் உண்டு, புது ரிப்போர்ட்டில் இந்தச் சிஎச்டி7ம் உண்டு. என் கணவர் ஒரு மாதம் வரை இரண்டும் ஒன்று, இதய ஆபரேஷன் ஆனால் ஜீனும் சரியாகிவிடும் என்றே நினைத்திருந்தார்.

எண்ணும் முக்கியம். சிஎச்டி என்பது ஒரு குடும்பப் பெயர். 1 முதல் 9 வரை உறுப்பினர்கள். சிஎச்டி2 வலிப்போடும், சிஎச்டி8 ஆட்டிசத்தோடும் பேசப்படுபவை. இணையத்தில் தேடும்போது எண்ணை விட்டுவிட்டால் அடுத்த வீட்டுக் கதையைப் படித்துவிட்டு அழுதுகொண்டிருப்போம். 7ஆம் ஆள் இருப்பது 8ஆம் குரோமோசோமின் நீண்ட கையில்.

இன்னொரு சின்ன வேலை. பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, ரத்தம் எடுத்த தேதி மூன்றையும் பாருங்கள். டைப் செய்வதே தொழிலாக இருப்பதால் சொல்கிறேன், தவறு நடக்கும். திருத்தி வாங்க நமக்கு உரிமை உண்டு.

இந்த ஜீன் என்ன வேலை செய்கிறது

இதை டாக்டர் சொன்னபோது எனக்குப் புரிந்ததற்குக் காரணம் என் பாட்டி. உறையூர்க் கைத்தறிச் சேலைக்குப் பாட்டி நூல் சுற்றித் தருவார். நூலைத் தரையில் குவித்துப் போட்டால் சிக்கு விழும் என்பதால் எல்லாம் கண்டில்தான் இருக்கும்.

நம் ஒவ்வொரு செல்லிலும் ஏறக்குறைய இரண்டு மீட்டர் டிஎன்ஏ இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு அறைக்குள் இரண்டு மீட்டர் நூல். அதையும் கண்டில்தான் சுற்றி வைத்திருக்கிறது உடம்பு. எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்தால் ஒரு கண்டு. அதன் மேல் 147 எழுத்து ஜோடி நீளத்துக்கு டிஎன்ஏ ஒன்றே முக்கால் சுற்று போலச் சுற்றியிருக்கும். அதற்கு நியூக்ளியோசோம் என்று பெயர். இப்படிக் கோடிக்கணக்கான கண்டுகள் வரிசையாக இருக்கும் மொத்தத்துக்குத்தான் குரோமாட்டின் என்று பெயர்.

சுற்றி வைத்த நூலில் எழுதியிருப்பதைப் படிக்க முடியாது. கண்டைக் கொஞ்சம் நகர்த்தினால்தான் எழுத்து வெளியே வரும், செல்லின் படி எடுக்கும் இயந்திரம் அங்கே உட்கார்ந்து நகல் எடுக்கும். அந்த நகர்த்துகிற கைதான் சிஎச்டி7 என்ற ஜீன் செய்து தரும் புரதம். 2997 அமினோ அமிலம் நீளமுள்ள பெரிய புரதம் அது. ஏடிபி என்ற எரிபொருளைச் செலவழித்துக் கண்டைத் தள்ளுகிறது. எந்தக் கண்டைத் தள்ளுவது என்று அதற்கு எப்படித் தெரியும்? ஹிஸ்டோன் வால்களில் உடம்பு போட்டு வைத்திருக்கும் சிறு ரசாயனக் குறிகளைப் பார்த்துப் பிடித்துக்கொள்கிறது. மற்ற ஜீன்களை முடுக்கிவிடும் சுவிட்ச் பகுதிகளில்தான் அது அதிகம் காணப்படுகிறது.

அப்படியானால் மூக்கும் இதயமும் காதும் ஏன் சேர்ந்து பாதிக்கப்பட்டன? கரு உண்டாகிச் சில வாரங்களில், முதுகுப் பக்கம் உருவாகும் நியூரல் கிரெஸ்ட் என்ற செல்கள் அங்கிருந்து கிளம்பி முகம், மூக்கு, காது, இதயத்தின் பெரிய குழாய்கள் என்று பயணம் போகும். கிளம்புவதற்கு அவற்றுக்குச் சில ஜீன்கள் அந்த நேரத்தில் திறக்க வேண்டும். திறந்துவிடும் கைகளில் ஒன்று இது. நம்மிடம் சிஎச்டி7 இரண்டு பிரதி உண்டு, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒரு பிரதி கெட்டால் பாதிக் கைகள்தான் கிடைக்கும். வேலை நடக்கும், ஆனால் தாமதமாக. முகூர்த்தத்துக்கு வர வேண்டிய சேலை மறுநாள் வந்து என்ன பிரயோசனம்? மூக்கின் பின்வாசல் திறக்க வேண்டிய வாரம் போய்விட்டது. ‘இந்த ஜீனைச் சரி செய்ய மாத்திரை இல்லையா’ என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்த வாரங்கள் தாண்டிவிட்டன என்பதுதான் பதில். இப்போது நாம் பார்த்துக்கொள்ள வேண்டியது அந்தத் தாமதம் எந்தெந்த உறுப்பில் என்ன விட்டுப்போனது என்பதை.

பென்சில் வேலை

இப்போது ரிப்போர்ட்டின் நடுவில் இருக்கும் அட்டவணைக்கு வாருங்கள். அதில் ஒரு வரியில் சிறிய ‘சி’ எழுத்து, புள்ளி, ஒரு எண், பிறகு இரண்டு எழுத்தும் அவற்றுக்கு நடுவில் ஓர் அம்புக்குறியும் இருக்கும். ஜீனின் எழுத்து வரிசையில் அந்த எண்ணாவது இடத்தில் இந்த எழுத்து போய் அந்த எழுத்து வந்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். டிஎன்ஏவுக்கு நான்கே எழுத்து: ஏ, சி, ஜி, டி. என் மகளுக்கு ஒரு ‘சி’ இருந்த இடத்தில் ‘டி’ வந்திருக்கிறது.

அதற்கு அடுத்து சிறிய ‘பி’யும் புள்ளியும் இருக்கும். புரதத்தில் என்ன ஆனது என்பதை இது சொல்லும். என் மகளுக்கு ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் வர வேண்டிய இடத்தில் ‘டெர்’ என்று இருக்கிறது. சில லேப்கள் அதற்கு நட்சத்திரக் குறி போடும். முற்றுப்புள்ளி என்று பொருள். சிஜிஏ என்ற மூன்று எழுத்து டிஜிஏ ஆகிவிட்டால், ‘ஆர்ஜினின் வை’ என்ற உத்தரவு ‘இத்தோடு நிறுத்து’ என்று மாறிவிடும். ஒரே ஓர் எழுத்து. இருபது வருடமாக டைப் செய்கிறேன், ஓர் எழுத்து என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று அந்த இடத்தை விரலால் தொட்டுக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சி பக்கத்தில் ஜி வரும் இடங்களில் இந்த சி, டி ஆக மாறுவது மனித டிஎன்ஏவில் அடிக்கடி நடக்கும் ரசாயன வழுக்கல். எல்லா மனிதர்களிடமும் நடக்கிறது. பெரும்பாலும் யாருக்கும் தெரியாத இடத்தில் விழும். இது இங்கே விழுந்துவிட்டது.

‘பி’ வரியில் ‘எஃப்எஸ்’ என்று இருந்தால் எழுத்து கூடியோ குறைந்தோ வாசிப்பே தடம் மாறிவிட்டது என்று பொருள். இரண்டு அமினோ அமிலப் பெயர் மட்டும் இருந்தால், ஒன்று போய் இன்னொன்று வந்திருக்கிறது. சார்ஜ் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலும் காண்பது முற்றுப்புள்ளியும் தடம் மாறலும்தான். முற்றுப்புள்ளி எந்த எண்ணில் விழுந்தது என்று பார்த்து, ‘பாதிப் புரதமாவது இருக்கிறதே’ என்று நான் சந்தோஷப்பட்டேன். அப்படிக் கிடையாது. இப்படிப் பாதியில் நிற்கும் நகலைச் செல் பெரும்பாலும் கண்டுபிடித்து அழித்துவிடும். ஆகவே அந்த எண்ணை வைத்து நோய் லேசா, கடுமையா என்று கணக்குப் போடாதீர்கள்.

‘ஹெட்டிரோசைகஸ்’ என்ற சொல்லுக்குக் கீழே கோடு போடுங்கள். இரண்டு பிரதியில் ஒன்றில்தான் மாற்றம், மற்றொன்று நன்றாக இருக்கிறது.

ரிப்போர்ட்டிலேயே அதிகம் தவறாகப் படிக்கப்படும் வரி

‘ஆட்டோசோமல் டாமினன்ட்.’

இந்த இரண்டு சொல்தான் எங்கள் வீட்டை உடைக்கப் பார்த்தது. ரிப்போர்ட் கொடுத்த இடத்தில் கவுன்டரில் இருந்தவர் அந்த வரியைப் பார்த்துவிட்டு, “இது பரம்பரைங்க, அம்மா அப்பாவில் யாருக்கோ இருக்கும், அதிலிருந்து வந்தது” என்று போகிற போக்கில் சொன்னார். அவர் டாக்டர் இல்லை, ஆலோசகரும் இல்லை. அன்று இரவே யார் பக்கம் என்ற பேச்சு ஆரம்பித்துவிட்டது. என் பெரியம்மா மகனுக்குக் காது கேட்காது என்பது நினைவுக்கு வந்தது. கணவரின் தாத்தா ஒரு கண் தெரியாதவர் என்பதும் வந்தது. நான்கு மாதம் நாங்கள் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

அந்த வரி சொல்வது இவ்வளவுதான்: ஒரு பிரதியில் மாற்றம் இருந்தாலே நோய் வெளியே தெரியும். அந்த மாற்றம் எங்கிருந்து வந்தது என்று அது சொல்லவே இல்லை. சார்ஜ் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இந்த மாற்றம் புதிதாக உண்டானது. அம்மாவுக்கும் இல்லை, அப்பாவுக்கும் இல்லை. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது நகல் எடுப்பதில் நடந்த ஓர் எழுத்துப் பிழை. ரிப்போர்ட்டில் அதற்கு ‘டி நோவோ’ என்று போடுவார்கள். ஆனால் பெற்றோர் ரத்தத்தையும் பார்த்த பிறகுதான் போட முடியும். பிள்ளையின் ரத்தம் மட்டும் போயிருந்தால் அந்தச் சொல் ரிப்போர்ட்டில் இருக்காது.

ஆகவே செய்ய வேண்டியது: பெற்றோர் இருவருக்கும் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்க்கும் ‘சேங்கர்’ டெஸ்ட் எழுதித் தரச் சொல்லுங்கள். முழு எக்ஸோம் தேவையில்லை. செலவும் அதைவிட மிகக் குறைவு. ரத்தம் கொடுக்கும் அன்று இருவரும் சேர்ந்து போங்கள், தனித்தனியாகப் போகாதீர்கள். எங்கள் இருவருக்கும் மாற்றம் இல்லை என்று வந்தது. அந்தத் தாளை என் கணவர் மடித்து இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறார்.

இல்லை என்று வந்தாலும் அடுத்த குழந்தைக்கு வாய்ப்பு முழுதாகப் பூஜ்யம் ஆகாது. ஒன்று அல்லது இரண்டு சதவீதம் என்று சொல்வார்கள். ரத்தத்தில் இல்லாமல், சினை உறுப்பில் சில அணுக்களில் மட்டும் மாற்றம் இருக்கலாம். சாயம் பிடிக்காத ஓர் இழை சேலையில் சில முழம் மட்டும் ஓடுவது போல. பெற்றோரில் ஒருவருக்கு ரத்தத்திலேயே இருந்தால் ஒவ்வொரு கருவுக்கும் பாதிக்குப் பாதி. பிள்ளைக்குப் பிறகு தனக்கே இருப்பது தெரியவந்த பெற்றோரும் உண்டு: காது மடல் கொஞ்சம் வேறு மாதிரி, ஒரு காது மந்தம், வாசனை தெரியாது, அவ்வளவோடு வாழ்ந்திருப்பார்கள். மறுபடி கருத்தரித்தால் 11 வாரத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடித் திசுவிலோ, 16 வாரம் வாக்கில் பனிக்குட நீரிலோ இந்த ஓர் எழுத்தைப் பார்க்கலாம். பாலினம் சொல்வதைத்தான் நம் சட்டம் தடுக்கிறது. மரபணு நோய்க்கான சோதனையை அனுமதிக்கிறது. இதற்கெல்லாம் கருத்தரிக்கும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

கிரகணம்

2019 டிசம்பர் 26 காலை ஒன்பதரை வாக்கில் திருச்சியில் சூரியன் நெருப்பு வளையமாகத் தெரிந்தது. நான் அப்போது ஆறு மாதம். கடையில் அவசர வேலை, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளேதான் இருந்தேன். ஆனால் ஒரு தடவை வாசலுக்கு வந்து கஸ்டமருக்குச் சில்லறை கொடுத்தேன். பாப்பா பிறந்ததும் அத்தை அதைத்தான் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. பேத்தியை மடியைவிட்டு இறக்க மாட்டார். அவருக்குத் தெரிந்த காரணம் அது ஒன்றுதான். நானும் உள்ளுக்குள் நம்பினேன், அந்தச் சில்லறை ஐந்து ரூபாய் என்பதுகூட நினைவிருக்கிறது.

அந்தப் பென்சிலை வைத்துத்தான் இதையும் தீர்த்தேன். ஒரு தாளில் நாள் கணக்கு எழுதுங்கள். என் கரு உண்டானது 2019 ஜூலை முதல் வாரம். இதயமும் மூக்கின் பின்வாசலும் உருவாவது முதல் எட்டு, ஒன்பது வாரத்துக்குள். அதாவது செப்டம்பர் முதல் வாரத்துக்குள் முடிந்துவிட்டது. எழுத்துப் பிழையோ அதற்கும் முன்பு, கரு உண்டாவதற்கே முன்பு. கிரகணம் வந்தது டிசம்பர் கடைசியில். அத்தைக்கு இந்தத் தாளைக் காட்டி, மாதங்களை விரல்விட்டு எண்ணச் சொன்னேன். இரண்டு முறை எண்ணினார். பிறகு எழுந்து போய் எனக்குக் காபி போட்டுக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் வரவில்லை.

உங்கள் வீட்டில் அது கிரகணமாக இருக்காது. பப்பாளியாக இருக்கலாம், மாடிப்படியாக இருக்கலாம், இரண்டு சக்கர வண்டியாக இருக்கலாம். தேதியை எழுதிப் பாருங்கள்.

‘வியூஎஸ்’ என்று வந்திருந்தால்

ரிப்போர்ட் முடிவில் ஐந்து தரத்தில் ஒன்று இருக்கும்: நோய் உண்டாக்குவது, பெரும்பாலும் நோய் உண்டாக்குவது, பொருள் தெளிவில்லாதது, பெரும்பாலும் தீங்கற்றது, தீங்கற்றது. அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி 2015இல் வகுத்த விதி இது. உலகம் முழுவதும் லேப்கள் இதையே பின்பற்றுகின்றன. நடுவில் இருப்பதுதான் வியூஎஸ். அது ‘லேசான பாசிட்டிவ்’ இல்லை, ‘நெகட்டிவ்’வும் இல்லை. இன்னும் முடிவு சொல்லவில்லை, அவ்வளவுதான். சிஎச்டி7 பெரிய ஜீன் என்பதால் ஓர் அமினோ அமிலம் மட்டும் மாறிய வியூஎஸ்கள் இதில் நிறைய வரும்.

அப்போது மூன்று கேள்வி கேளுங்கள். பெற்றோரிடம் இது இருக்கிறதா? ஆரோக்கியமான அப்பாவிடமும் இருந்தால் நோய்க்குக் காரணமாக இருக்கும் வாய்ப்பு குறையும். பிள்ளையிடம் புதிதாக வந்திருந்தால் கூடும். பொதுமக்கள் டேட்டாவில் இந்த மாற்றம் எத்தனை பேரிடம் இருக்கிறது? ‘நோமேட்’ என்ற திறந்த பட்டியலில் யாரும் தேடலாம், தெற்காசியர்களுக்கென்று தனி எண்ணிக்கையும் அதில் உண்டு. ‘கிளின்வார்’ என்ற இன்னொரு பட்டியலில் மற்ற லேப்கள் இதே மாற்றத்தை என்னவென்று சொன்னார்கள் என்று பார்க்கலாம். மூன்றாவதாக, உள்காதின் அரைவட்டக் குழல்களை சிடி ஸ்கேனில் பார்த்தீர்களா? சார்ஜ் பிள்ளைகளில் அவை சிறுத்தோ, இல்லாமலோ இருப்பது மிகவும் சாதாரணம். மற்ற நோய்களில் அபூர்வம். ஜீன் தயங்கும் இடத்தில் அந்த ஸ்கேன் பேசிவிடும். ரத்த டிஎன்ஏ மேல் ஒட்டியிருக்கும் மெத்தில் என்ற ரசாயனக் குறிகளின் மொத்த வடிவத்தைப் பார்த்துச் சார்ஜா இல்லையா என்று சொல்லும் சோதனையும் வந்திருக்கிறது. சிஎச்டி7 கை குறைந்த செல்களில் அந்தக் குறிகளே ஒரு தனி மாதிரியாக விழுந்திருக்குமாம்.

பிள்ளையைப் பார்த்தால் சார்ஜ் மாதிரியே இருக்கிறது, எக்ஸோம் சுத்தம் என்று வந்தாலும் விடாதீர்கள். துண்டாகக் காணாமல் போன பகுதியை எக்ஸோம் தவறவிடலாம், அப்படிப்பட்ட துண்டுகளைத் தேடும் மைக்ரோஅரே என்ற சோதனையைக் கேளுங்கள். உண்மையில் 2004இல் நெதர்லாந்தின் நைமெகனில் இந்த ஜீனைக் கண்டுபிடித்ததே அப்படித்தான். ஒரு பிள்ளையின் 8ஆம் குரோமோசோமில் சிறு துண்டு இல்லாததைக் கண்டு, அந்த இடத்து ஜீன்களை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். துண்டு போகாத 17 பேரில் 10 பேருக்கு சிஎச்டி7இல் எழுத்து மாற்றம் இருந்தது. இந்தப் பிள்ளைகளைப் பற்றி முதலில் எழுதியது 1979இல், பிரையன் ஹாலும் ஹெலன் ஹிட்னரும் தனித்தனியாக. சார்ஜ் என்ற பெயர் 1981இல் வந்தது. பெயருக்கும் ஜீனுக்கும் நடுவில் இருபத்து மூன்று வருடம். அந்த வருடங்களில் பிறந்த பிள்ளைகளின் அம்மாக்களுக்குக் காட்ட எந்தத் தாளும் இருந்திருக்காது, அதை அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

ரிப்போர்ட்டில் இல்லாதவை

பிள்ளை நடப்பாளா, பேசுவாளா, படிப்பாளா என்பதற்கு அந்தப் பதினோரு பக்கத்தில் பதில் இல்லை. ஒரே மாற்றம் உள்ள, ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களே வேறு வேறு மாதிரி இருந்திருக்கிறார்கள். ஆகவே இந்த ரிப்போர்ட்டை வைத்துச் செய்ய வேண்டிய உருப்படியான காரியம், எங்கெல்லாம் தேட வேண்டும் என்ற பட்டியலை டாக்டரிடம் வாங்குவது.

கண் முதலில். சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் கருமணியை விரித்து, விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். வெளியிலிருந்து என் மகள் கண் அழகாக, முழுதாக இருக்கும். இடது கண்ணின் விழித்திரையில் கீழ்ப்பக்கம் ஒரு துண்டு உருவாகவே இல்லை. அதனால் அவளுக்கு மேல்புறத்தில் இருப்பது சரியாகத் தெரியாது. தட்டில் உணவை வைக்கும் இடம், பள்ளியில் உட்காரும் பெஞ்ச் எல்லாம் இதைப் பொறுத்தது. காதுக்கு, ஒலி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட். காக்ளியர் கருவி வைக்கச் சொன்னால் முதலில் எம்ஆர்ஐயில் செவி நரம்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; இந்தப் பிள்ளைகளில் அது மெலிந்தோ இல்லாமலோ இருக்கலாம். எக்கோ, சிறுநீரக ஸ்கேன், ரத்தக் கால்சியம். விழுங்குவதைத் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். என் மகள் எட்டு மாதம் மூக்குக் குழாயில்தான் பால் குடித்தாள்.

நடை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அரைவட்டக் குழல்தான் நம் சமநிலைக் கருவி. அது இல்லாத பிள்ளை தாமதமாகத்தான் நிற்கும். என் மகள் நாலு கால் போதாமல் தலையையும் தரையில் ஊன்றித் தவழ்ந்தாள்; ஐந்து புள்ளி. நெற்றியில் தழும்பு விழும் என்று நான் தடுத்துக்கொண்டிருந்தேன். பிசியோ செய்பவர்தான் சொன்னார், “தடுக்காதீங்கம்மா, அவளுக்குத் தெரிஞ்ச வழியில பேலன்ஸ் பண்றா.” மூன்று வயது இரண்டு மாதத்தில் கடையின் ஜெராக்ஸ் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாள், விட்டாள், நான்கு அடி வைத்தாள். ‘மூளை வளர்ச்சி இல்லை, அதான் நடக்கவில்லை’ என்று யாராவது சொன்னால், உள்காது ஸ்கேனைக் காட்டுங்கள்.

பருவ வயதையும் இப்போதே டைரியில் குறியுங்கள். வாசனை நரம்பும் பருவ ஹார்மோனைத் தூண்டும் நரம்புகளும் கருவில் ஒரே பாதையில் வருபவை. என் மகளுக்கு மல்லிப்பூ வாசம் தெரியாது. ஆனால் தலையில் வைத்துவிட்டால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். பத்து வயதுக்குள் ஹார்மோன் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

கண்ணும் காதும் இரண்டும் குறைவென்றால் தனித்தனியாகச் சான்றிதழ் வாங்காதீர்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பார்வையும் செவியும் சேர்ந்த குறைபாடு, பல குறைபாடுகள் சேர்ந்தது என்ற பிரிவில் பெயர் சொல்லியே ஏற்கப்பட்டிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யுடிஐடி அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது அதைக் கேளுங்கள். மரபியல் துறை எங்கே என்று தெரியாதவர்களுக்கு, வேலூர் சிஎம்சியில் இருக்கிறது. அங்கே முடியாவிட்டால் அருகில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் பிரிவில் விசாரியுங்கள்.

ஃபைல்

இது என் தொழில், அதனால் உறுதியாகச் சொல்கிறேன். மரபணு ரிப்போர்ட்டை லேமினேட் செய்யாதீர்கள். பிறகு அதில் சீல் வைக்க, குறிப்பு எழுத முடியாது. இசிஜி, சில எக்கோ பிரிண்ட் எல்லாம் வெப்பத்தாளில் வரும். இரண்டு வருடத்தில் வெள்ளையாகிவிடும், லேமினேட் செய்தால் அந்த நிமிடமே கருத்துவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுங்கள். ரிப்போர்ட் பிடிஎஃப்பை இரண்டு பேர் மெயிலில் வையுங்கள். லேபிடம் மூல டேட்டாவையும் கேட்டு ஒரு பென்டிரைவில் வாங்கி வையுங்கள். வியூஎஸ் என்றால் இரண்டு வருடம் கழித்து மறுபடி அலசச் சொல்ல அது வேண்டும்.

ஃபைலின் முதல் தாள் நீங்களே டைப் செய்தது, ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. பிள்ளையின் பெயர், எடை, ரத்த வகை, ‘சார்ஜ் சிண்ட்ரோம், சிஎச்டி7, டி நோவோ’, செய்த ஆபரேஷன்கள், தேதிகள். அதற்குக் கீழே பெரிய எழுத்தில், சிவப்பில், மயக்க மருந்து பற்றிய வரி. இந்தப் பிள்ளைகளுக்கு மயக்கம் தெளிந்த பிறகும் மூச்சுப் பாதையில் சிக்கல் வரும் வாய்ப்பு அதிகம். முடிந்தவரை இரண்டு மூன்று வேலையை ஒரே மயக்கத்தில் முடிக்க வேண்டும், தெளிந்த பிறகும் கூடுதல் நேரம் கண்காணிக்க வேண்டும். பல் பிடுங்கப் போனாலும் இந்தத் தாளை நீட்டுங்கள். பாப்பாவுக்குச் சென்ற ஜனவரியில் காதில் டியூப் வைத்தபோது, மயக்க மருந்து டாக்டர் அந்த வரியைப் படித்துவிட்டு, கண் பரிசோதனையையும் பல்லையும் அதே நாளுக்கு மாற்றிக்கொடுத்தார்.

இந்தத் தாளின் மாதிரி ஒன்றை டைப் செய்து கடைக் கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறேன். இப்படி ஒரு பிள்ளையோடு யாராவது வந்தால் எடைக்கும் தேதிக்கும் மட்டும் இடம் நிரப்பி, இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்துவிடுவேன். காசு வாங்குவதில்லை.